வரையாடும் வடலியும்

தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு, மாநில மரம் பனை. ஒன்று மலை உச்சியில் மேய்கிறது, மற்றது தேரிக்காட்டில் நிற்கிறது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்கிறீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

வரையாட்டின் குளம்பு விளிம்பில் கெட்டி. நடுவில் ரப்பர் போல மெத்தென்று இருக்கும். விளிம்பு பாறை விரிசலில் ஊன்றும், நடுப்பகுதி வழுக்காமல் பிடிக்கும். பனையும் கிட்டத்தட்ட அதே கட்டுமானம்தான். வைரமெல்லாம் வெளிப்பக்கம், உள்ளே மென்மை. புயலில் புளியமரம் சாய்ந்த இடத்திலும் பனை ஆடிவிட்டு நிற்பது அதனால்தான். வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்தார் தொல்காப்பியர். அவர் கணக்குப்படி நம் மாநில மரம் ஒரு புல்!

ஒற்றுமை அவ்வளவுதான். மற்றபடி இரண்டுக்கும் காலக் கணக்கே வேறு. வரையாடு பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். காட்டில் ஒன்பது, பத்து வயதைத் தாண்டுவது அரிது. அதனால் மந்தை இளைத்தால் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிடும். அரசும் 2022இல் தனித் திட்டம் அறிவித்து எண்ணி வருகிறது: தமிழ்நாட்டில் 2024இல் 1,031, 2025இல் 1,303.

பனை இப்படி உடனே காட்டிக்கொடுக்காது. கொட்டை முளைத்ததும் முதலில் கீழேதான் இறங்கும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அதுதான். பிறகு பல வருடம் ஓலை மட்டும் இருக்கும், தண்டு கண்ணில் படாது. பூக்கவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். உச்சிக் குருத்தை வெட்டிவிட்டால் வேறு மரம்போல அடியில் தழைக்காது, கதை முடிந்தது. ஆனால் விட்டுவைத்தால் நூறு வருடம் நிற்கும். நாம் ஏமாறுவதே அங்கேதான். கண்மாய்க் கரையில் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, பனைக்கு என்ன குறை என்று போய்விடுகிறோம். அடியில் வடலி, அதாவது இளம் பனை, இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. வடலி இல்லாத பனங்காடும் குட்டி இல்லாத மந்தையும் ஒன்றுதான். ஆனால் பனங்காடு அதைத் தெரிவிக்க ஐம்பது வருடம் எடுத்துக்கொள்ளும்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் அது நிற்கிற மரத்துக்கான காவல். உங்கள் ஊரில் யாராவது பனை எண்ணக் கிளம்பினால், வடலியைத் தனியாக எண்ணச் சொல்லுங்கள்.