கல்லூரி அதிபரும் முகாமைச் சபையும்

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும் பரீட்சைப் பேறுகளையும் அதிபர்களின் பெயர்வரிசையையும் குறித்து அமைவது வழக்கம். அப்பெயர்களுக்கு எதிரே நிற்கும் ஆண்டுகளைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. ஒருவர் இருபதாண்டை அணுகும்வரை அப்பதவியில் நிலைத்திருக்க, வேறொருவர் ஓரிரண்டு ஆண்டில் நீங்கியது ஏன் என்னும் வினாவுக்குப் பெயர்ப்பலகை விடை கூறுவதில்லை.

தனிமனிதரின் ஆற்றலே நிலைத்தற்குக் காரணம், அவரது குறையே நீங்குதற்குக் காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் வரலாறோ வேறொரு காரணத்தையும் உடன்காட்டும். ஒரு பாடசாலைக்குப் பணம் எவ்வழியால் வருகின்றதோ, அவ்வழியாலேயே அதன் தலைவர்மீது நெருக்கமும் வரும். அந்நெருக்கத்தைத் தாங்கி நிற்கும் மதிலாக முகாமைச் சபை அமைந்தவிடத்து அதிபர் நிலைத்தனர்; சபையே நெருக்கத்தின் வாயிலாக அமைந்தவிடத்து அதிபர் மாறினர்.

இதற்கு முதற்சான்று வட்டுக்கோட்டைச் செமினரி. அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய அக்கலாசாலைக்கு டானியேல் பூர் பாதிரியார் முதல் தலைவராயிருந்தார். கணிதம், வானசாத்திரம், தமிழ், ஆங்கிலம் என்பன அங்கே உயர்ந்த நிலையிற் கற்பிக்கப்பட்டன. அவருக்குப் பின் தலைமை பூண்ட ஹொய்சிங்ரன் பாதிரியார், சிவஞானபோதம் முதலிய சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்குமளவுக்குத் தமிழில் ஆழ்ந்தவர். எனினும் கலாசாலையைத் தாங்கிய பணம் கடல்கடந்து பொஸ்ரன் நகரிலிருந்த மிஷன் சபையிடமிருந்து வந்தது. செலவிட்ட பணத்துக்குக் கிறிஸ்தவ போதகர் எத்தனைபேர் கிடைத்தனர் என்பதே அச்சபையினரின் கேள்வி. மாணவரோ ஆங்கிலம் கற்று அரசாங்க உத்தியோகத்தை நாடினர். 1855இல் அச்சபையின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்ததன் பயனாகச் செமினரி மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்குக் கற்றவர்களே. செமினரி மூடப்பட்ட சில ஆண்டுகளுள்ளேயே அவர்கள் அப்பட்டத்தைப் பெற்றனர். கலாசாலையின் பயனை ஊரார் ஓர் அளவுகோலாலும் சபையார் வேறோர் அளவுகோலாலும் அளந்தனர். பணம் வைத்திருந்தவரின் அளவுகோலே வென்றது. ஊராரின் விருப்பம் நிறைவேற 1872வரை பதினேழு ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டிலேயே அவ்விடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் இந்நிலையை நன்குணர்ந்தவர். மிஷன் பாடசாலையில் தாம் பெற்றுவந்த ஊதியத்தைத் துறந்து, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். நிறுவினவரும் நடத்தினவரும் கற்பித்தவரும் அவரே ஆதலின், அங்கே சபைக்கும் தலைவருக்குமிடையே பிணக்கு எழ இடமிருக்கவில்லை. ஆயின் அவ்வமைப்புக்கு வேறொரு மெலிவு இருந்தது. அரசினரின் உதவி நன்கொடை இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கிட்டவில்லை. 1870களின் தொடக்கத்திலேயே அது கிடைத்தது. 1872இல் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலை பொருள் முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளுள் நின்றுவிட்டது. நெருக்குவதற்கு ஒரு சபையில்லாத இடத்தில் தாங்குவதற்கும் ஒரு சபையில்லை என்பதை அது காட்டிற்று. 1879இல் நாவலர் சிவபதமடைந்தபின், சைவ நன்மக்கள் தனிமனிதரை நம்பியிராது சபைகளை அமைக்க முற்பட்டமைக்கு இவ்வனுபவமும் ஒரு தூண்டுதலாயிற்று எனக் கொள்ளலாம்.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்கம் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1886இல் நகரிலே ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். அது விரைவில் நாகலிங்கம் என்னும் நியாயவாதியின் கையை அடைந்து வண்ணார்பண்ணைக்கு மாறிற்று. பின்னர், 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை அதனைப் பொறுப்பேற்று, 1890இல் இந்து உயர்தர பாடசாலையாக நடத்தலாயிற்று. நான்கு ஆண்டுகளுள் மூன்று கைகள் மாறிய பாடசாலை, சபையொன்றின் கீழ் வந்த பின்னரே வேரூன்றியது. இந்து சாதனம் என்னும் பத்திரிகையை 1889முதல் நடத்திய அச்சபைக்குக் கருத்தைப் பரப்பும் வலியும் பொருள் திரட்டும் வலியும் ஒருங்கே இருந்தன.

இனி, அதிபர் பெயர்வரிசைக்கு வருவோம். நெவின்ஸ் செல்வத்துரை 1892இலிருந்து 1909வரையும், மீண்டும் 1914இலிருந்து 1926வரையும் அதிபராயிருந்தார். அ. குமாரசுவாமி 1933இலிருந்து 1952வரை அப்பதவியை வகித்தார். 1886இலிருந்து 1952வரையுள்ள அறுபத்தாறு ஆண்டுகளில், இவ்விருவர் மட்டும் ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் தலைமை தாங்கினர். எஞ்சிய பதினெட்டு ஆண்டுகளையே ஏனையோர் அனைவரும் பங்கிட்டுக்கொண்டனர். கல்லூரியின் வளர்ச்சி இந்நெடுங்காலத் தலைமைகளோடேயே பெரிதும் இணைத்துப் பேசப்படுகின்றது. 1909இல் நீங்கிய அதிபரை ஐந்தாண்டு கழித்துச் சபையார் மீண்டும் அழைத்தமை சிந்திக்கத்தக்கது. தலைமை அடிக்கடி மாறுவதனால் வரும் இழப்பை அவர்கள் கண்டுகொண்டனர் என்றே அது பொருள்படும்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய அனுபவமன்று. அதே 1886ஆம் ஆண்டிற் கொழும்பிலே பிரமஞான சங்கத்தார் நிறுவிய ஆனந்தக் கல்லூரியிலும் தொடக்க காலத்து அதிபர்கள் அடிக்கடி மாறினர். முதல்வரான லெட்பீற்றர் 1889இலேயே இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். 1918இற் பதவியேற்ற பி. த எஸ். குலரத்தினாவின் நீண்ட தலைமையிலேயே அக்கல்லூரி பெரும் வளர்ச்சி கண்டது. மிஷன் கல்லூரிகளுக்கு எதிராக எழுந்த சுதேச கல்லூரிகள் இரண்டும் ஒரே இடர்ப்பாட்டைக் கடந்தன.

அவ்விடர்ப்பாட்டின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு உதவி நன்கொடை முறையை அறிதல் வேண்டும். அரசினர் கொடுத்த நன்கொடை அதிபர் கையிலன்று, ஊரார் ‘மனேச்சர்’ என்றழைத்த முகாமையாளர் கையிலேயே சேர்ந்தது. மாணவர் வரவும் பரீட்சைப் பேறும் பரிசோதகரின் அறிக்கையும் நன்கொடையின் அளவைத் தீர்மானித்தன. நன்கொடை போதாதவிடத்து மாணவர் கட்டணமும் ஊராரின் கொடையும் அக்குறையை நிரப்பவேண்டும். ஆகவே அதிபர் ஒரே வேளையில் மூவருக்கு விடைகூறவேண்டியவரானார். பரிசோதகர் பேற்றைக் கேட்டனர். கொடையாளர் தம் உறவினருக்கு ஆசிரியர் பதவியைக் கேட்டனர். பெற்றோர் கட்டணச் சலுகையையும் வகுப்பேற்றத்தையும் கேட்டனர். இம்மூவரின் குரலும் சபை உறுப்பினர் வாயிலாகவே அதிபரை வந்தடைந்தது. சபையினரோ நியாயவாதிகளும் வணிகரும் உத்தியோகத்தரும் ஆவர். தம்தம் துறையில் வல்லவராயினும், வகுப்பறையைத் தினமும் காண்பவரல்லர். நல்லெண்ணமுடைய ஒருவர் ஓர் ஆசிரியருக்காகப் பரிந்துரைப்பது சிறு செயலே. பத்து உறுப்பினர் பத்துப் பரிந்துரை செய்யின், அதிபருக்குத் தம் ஆசிரியர் குழுமீதிருந்த அதிகாரம் போய்விடும். அதன்பின் அவருக்கு எஞ்சுவது பொறுப்பு மாத்திரமே. அதிகாரமின்றிப் பொறுப்பை மட்டும் சுமக்கும் பதவியில் தன்மதிப்புடையவர் நெடுநாள் இரார்.

இந்நெருக்கத்தைக் குறைக்க யாழ்ப்பாணத்திலே மூன்று வழிகள் முயலப்பட்டன. முதலாவது, குடும்பத்தின் பொறுப்பில் விடுதல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவரக் கல்லூரிக்கு அவர் மருமகனார் சு. நடேசபிள்ளை நெடுங்காலம் அதிபராயிருந்தார். நிறுவுநரின் நோக்கம் சிதையாது தொடர்ந்தது. ஆயின் அத்தகைய தொடர்ச்சி ஒரு குடும்பத்தின் வளத்தையும் வாழ்நாளையும் சார்ந்து நிற்பது.

இரண்டாவது, முகாமையை ஊரிலிருந்து சற்றே விலக்கிவைத்தல். 1923இல், பிற்காலத்து ‘இந்து போர்டு’ இராசரத்தினம் என யாவரும் அழைத்த பெருமகனாரின் முயற்சியாற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. அது காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்திற்று. ஒரு கிராமத்துத் தலைமையாசிரியர் அயல்வீட்டுக் கொடையாளருக்கு அஞ்சவேண்டிய நிலை அதனாற் குறைந்தது. எனினும் தொலைவிலுள்ள முகாமையாளர் ஒருவரின் கையெழுத்தில் இடமாற்றம் தங்கியிருந்தமை புதிய அச்சத்துக்கு இடமளித்தது.

மூன்றாவது, தகுதியொன்றையே நோக்கித் தெரிந்து, தெரிந்தபின் நம்புதல். கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு 1949இலிருந்து 1960வரை அதிபராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் முன்னோடி. ஓர் இந்துக் கல்லூரியின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டு, பதினோராண்டுகள் அவரிடமே இருந்தது. தெரிவு செய்யும்போது துணிவும் தெரிவு செய்தபின் பொறுமையும் ஒரு முகாமைக்கு வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை அயலிற் காண்டல் அரிது.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற றக்பிப் பாடசாலையும் இவ்வினாவை எதிர்கொண்டது. 1828இல் அதன் தலைமையை ஏற்ற தோமஸ் ஆர்ணல்ட், 1836இல் சமயச் சார்பான ஒரு கட்டுரையைப் பெயரின்றி எழுதினார். நம்பிக்கைப் பொறுப்பாளருள் ஒருவர், அதனை எழுதியவர் அவர்தானோ எனக் கேட்டெழுதினார். அவ்வாறு கேட்கும் உரிமை பொறுப்பாளருக்கு இல்லையென ஆர்ணல்ட் விடை கூற மறுத்தார். அவரைக் கண்டிக்கும் தீர்மானத்தின்மீது வாக்குகள் சமமாகப் பிரிந்தன, தீர்மானம் நிறைவேறவில்லை. ஒரு வாக்கு மாறியிருப்பின் பாடசாலைக் கல்வியின் வரலாற்றில் ஒரு பெரும்பெயர் இடையில் முறிந்திருக்கும். 1842இல் இறக்கும்வரை அவர் அப்பதவியிலேயே இருந்தார்.

சபைக்கும் அதிபருக்கும் இடையிலான எல்லையைச் சைவ மக்களுக்கு விளக்கப் பிறநாட்டுச் சான்று வேண்டுவதில்லை. கோயிலின் நிலமும் நகையும் கணக்கும் திறப்பும் தருமகர்த்தாவின் பொறுப்பு. பூசை குறித்த காலத்தில் நடைபெறுகின்றதா என்று கேட்கும் உரிமையும் அவருக்குண்டு. ஆயினும் அவர் கருவறையுட் புகுந்து கிரியையை நடத்துவதில்லை. ஆசாரியரும் கோயிற் கணக்கைத் தம் கையில் எடுப்பதில்லை. இவ்வரம்பு பேணப்படும் கோயிலிற் பூசை தடையின்றி நடைபெறும். கல்லூரிக்கு வகுப்பறையே கருவறை. ஆதனமும் வரவுசெலவும் நிறுவுநரின் நோக்கமும் சபையின் காவலில் இருத்தல் முறை. ஆசிரியரின் வேலைப்பங்கீடும் மாணவர் அனுமதியும் ஒழுக்கமும் அதிபரின் பொறுப்பில் இருத்தல் முறை.

1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, கட்டணத்தால் வந்த நெருக்கம் தளர்ந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி உதவி பெற்ற பாடசாலைகள் அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கத்தின் முகாமையுள் வந்தன. 1961ஆம் ஆண்டின் சட்டம் ஆதனங்களையும் அரசிடம் சேர்த்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் பரமேசுவரக் கல்லூரியும் அவ்வாறு மாறின. பரமேசுவரக் கல்லூரி வளாகத்திலேயே 1974இற் பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. யாழ்ப்பாணக் கல்லூரி, பரியோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி முதலியன தனியார் பாடசாலைகளாகவே தொடர்ந்தன.

சபைகள் அகன்றதும் நெருக்கமும் அகலும் என எதிர்பார்த்தவர் பலர். அது வழி மாறிற்றேயன்றி மறையவில்லை. நியமனமும் இடமாற்றமும் அமைச்சின் கைக்குச் சென்றமையால், அரசியலாளரின் பரிந்துரை பழைய கொடையாளரின் பரிந்துரைக்குப் பதிலாக வந்தது. சேவை மூப்பினால் உயர்ந்து பெரிய கல்லூரியொன்றின் தலைமையை அடையும் ஒருவருக்கு, ஓய்வு வயதுக்குமுன் எஞ்சும் ஆண்டுகள் பெரும்பாலும் சிலவே. எனவே பிணக்கு எதுவும் இன்றியே தலைமை மாறிக்கொண்டிருக்கும். உள்நாட்டுப் போரின் விளைவாக இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்த பழைய மாணவர், இன்று கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் உதவித் தொகைக்கும் பெருங்கொடை அளிக்கின்றனர். அக்கொடை இன்றேற் பல கல்லூரிகள் அழிவிலிருந்து எழுந்திரா. ஆயினும் பொஸ்ரனிலிருந்து பணம் வந்த காலத்து வினாவே இங்கும் எழுகின்றது. கொடுப்பவரின் அளவுகோலும் கற்பிப்பவரின் அளவுகோலும் வேறுபடின் எது நிற்கும்?

இவ்வினாவுக்கு விடை வாய்மொழி இணக்கத்தில் இல்லை. எழுத்திலமைந்த வரம்பில் உண்டு. சபையாயினும் சங்கமாயினும் தன் தீர்மானத்தை ஒரே வாயிலாக, கூட்டக் குறிப்பில் ஏற்றி, அதிபருக்கு அறிவித்தல் வேண்டும். உறுப்பினர் தனித்தனியே கட்டளையிடல் ஆகாது. தனியார் பாடசாலைகளில் அதிபரின் பதவிக்காலம் முன்னரே வரையறுக்கப்படுதலும், விசாரணையின்றி அவர் நீக்கப்படாமையும் வேண்டும். கொடை எந்நோக்கத்துக்கு என்பதைக் கொடுப்பவர் கூறலாம். எந்த ஆசிரியரைக் கொண்டு, எந்த மாணவருக்கு என்பதை அதிபரே கூறவேண்டும். நீங்கும் அதிபரும் ஏற்கும் அதிபரும் ஒரு தவணையேனும் உடனிருந்து பொறுப்பை மாற்றிக்கொள்ளின், மாணவர் பாதிப்புறார்.

மாணவன் ஒருவன் ஆறாம் வகுப்பிற் சேர்ந்து உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேற ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் செல்லும். அவ்வெட்டாண்டில் நான்கு அதிபர்களைக் காண்பவன், நான்கு ஒழுங்குகளைக் கண்டு ஒன்றிலும் நிலையாது போவான். ஓர் அதிபரின் கீழ்க் கற்று வெளியேறுபவன், கல்லூரியின் மரபு இன்னது என்பதைத் தன் வாழ்க்கையிற் கொண்டுசெல்வான். சபையார் தேடும் புகழும் கொடையாளர் தேடும் பயனும் அம்மாணவனிடத்தேயே உள்ளன.