பாக்டீரியாவின் டிஎன்ஏவை மடித்து வைப்பது யார்?

கோல சிலாங்கூர், புக்கிட் பெலிம்பிங் பக்கம் செம்பனை மறுநடவு நடக்கும் தோட்டம் எதிலாவது மூக்குனா மூடுபயிர் படர்ந்திருந்தால், ஒரு கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அவற்றுக்குள்தான்.

இந்த வகையைச் சேர்ந்த பிராடிரைசோபியம் ஒன்றின் டிஎன்ஏவை 2002இல் முழுதாகப் படித்தார்கள். ஏறக்குறைய 91 லட்சம் எழுத்துகள்; நீட்டினால் 3 மில்லிமீட்டர். பாக்டீரியாவின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. செல்லை 2 மீட்டர் அறையாகப் பெருக்கினால், அதற்குள் 3 கிலோமீட்டர் நைலான் கயிறு அடங்க வேண்டும். சிக்கு விழாமலும், வேண்டிய இடம் வேண்டிய நேரத்தில் கைக்குக் கிடைக்கும்படியும்!

நம் செல்லில் டிஎன்ஏவுக்கு உட்கரு என்ற தனியறை உண்டு, சுற்றிவைக்க ஹிஸ்டோன் புரதங்கள் உண்டு. பாக்டீரியாவுக்குத் தனியறை கிடையாது. கைரேஸ் என்ற நொதி டிஎன்ஏவை முறுக்கிச் சுருக்குகிறது. கிளினிக்கில் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தாக்குவது இந்தக் கைரேஸைத்தான். மிச்ச வேலை சிறு புரதங்களுடையது. 1975இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் ஈ.கோலை பாக்டீரியாவில் கண்டறிந்த எச்யூ என்ற புரதம் டிஎன்ஏவை வளைக்கிறது. ஐஎச்எஃப் அதைக் கொண்டை ஊசிபோல் மடித்தே விடுகிறது. பட்டினிக் காலத்தில் டிபிஎஸ் வந்து கெட்டியாகப் பொதிந்து காக்கிறது.

எனக்குப் பிடித்த புரதம் எச்-என்எஸ். எட்ட எட்ட இருக்கும் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பதோடு, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அந்நிய மரபணுக்களின் வாயையும் அடைக்கிறது. சீதபேதி தரும் ஷிகெல்லாவில் இந்தப் பிடி சூட்டுக்கு இளகும். வெளியே குளிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும் நோய் மரபணுக்கள், 37 டிகிரி மனிதக் குடலுக்குள் போனதும் விழித்துக்கொள்கின்றன. ஆக, மடிப்பு மாறினால் நடத்தையும் மாறுகிறது.

அப்படியானால் மடிப்பவரையே முடக்கினால்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜா, எஸ். ராமகுமார் குழுவினர் காசநோய்க் கிருமியின் எச்யூவைக் குறிவைத்தார்கள். அது டிஎன்ஏவைப் பற்றவிடாமல் தடுக்கும் ஸ்டில்பீன் வகைச் சேர்மங்கள் ஆய்வகத்தில் கிருமியின் வளர்ச்சியைக் குறைத்ததாக 2014இல் வெளியிட்டார்கள். மாத்திரையாக அவை இன்னும் வரவில்லை. ஆனால் எச்யூவின் வடிவம் நம் ஹிஸ்டோன்களின் வடிவத்திலிருந்து வேறுபட்டது. நம் செல்லைத் தொடாமல் கிருமியை மட்டும் அடிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது.