கைமருந்து: அளவும் எல்லையும்

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அப்போது பாடசாலைச் சிறுவராயிருந்த நாமும் அந்த நெரிசலில் நடந்தோம். எங்கள் அம்மம்மாவின் மடியில் ஒரு சிறு துணிப்பொட்டலம் இருந்தது. வேர்க்கொம்பு, ஓமம், மிளகு, மஞ்சள், ஒரு துண்டு பனங்கட்டி. நகைநட்டை மறந்தாலும் கைமருந்தை மறக்காத தலைமுறை அது.

நாங்கள் தங்கிய பாடசாலையில் வகுப்பறைக்கு நாலைந்து குடும்பங்கள். மூன்றாம் நாள், பக்கத்துக் குடும்பத்தின் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. "தண்ணி குடுத்தால் இன்னும் போகும்" என்று தாய் தண்ணீரை நிறுத்திவிட்டார். அம்மம்மா ஓமத்தை அவித்து இரண்டு கரண்டி பருக்கினார். மாலையில் குழந்தையின் கண்கள் உள்ளே போய்விட்டன. அழுதால் கண்ணீர் வரவில்லை. அடுத்த அறையில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தார். அவர் வந்து பார்த்து, கொதித்தாறிய நீரில் சீனியும் உப்பும் அளந்து கலந்து, விடியும்வரை தேக்கரண்டியால் பருக்கிக்கொண்டே இருந்தார். குழந்தை பிழைத்தது.

அந்த இரவு நாம் கற்ற பாடம் இதுதான்: கைமருந்து காப்பாற்றும். ஆனால் அதற்கு ஓர் அளவும் உண்டு, ஓர் எல்லையும் உண்டு. இரண்டும் தெரியாதவரின் கையில் அன்பாகக் கொடுத்ததே ஆபத்தாகிவிடும்.

அகதி முகாமில் பிறந்த பாடம்

சீனியும் உப்பும் கலந்த நீர் சாதாரணப் பொருள்போலத் தோன்றலாம். 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரினால் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி இந்தியாவின் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லையோரமான பொங்கான் என்ற ஊரின் முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் போத்தல்கள் முடிந்துவிட்டன. அங்கு பணியாற்றிய குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோசு, உப்பு, அப்பச்சோடா மூன்றையும் அளந்து பெரிய பீப்பாய்களில் நீருடன் கலக்கச் செய்தார். நோயாளரின் தாயும் சகோதரரும் குவளையில் பிடித்துப் பருக்கினார்கள். முகாமில் நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவாக இறங்கியது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை உலகெங்கும் எடுத்துச் சென்றது. மகலனாபிஸ் 2022 இல் காலமானார்.

இது செயற்படும் விதம் எளியது. வயிற்றோட்டத்தின்போது குடல் வெறும் நீரை நன்றாக உறிஞ்சாது. உப்போடு சீனியும் சேர்ந்தால், சீனி உப்பை உள்ளே அழைத்துச் செல்கிறது; உப்பின் பின்னால் நீரும் செல்கிறது. பேதியை இது நிறுத்தாது. உடல் வற்றுவதைத் தடுக்கும். குழந்தை சாவது பெரும்பாலும் பேதியால் அல்ல, வற்றிப்போவதால்.

எங்கள் வைத்தியசாலைகளிலும் கடைகளிலும் கிடைக்கும் ஜீவனிப் பொதியும் இதுவே. பொதியில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொதியையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதிப் பொதியைக் கண்மதிப்பில் கரைப்பது தவறு. பொதி இல்லாதபோது:

1. கொதித்தாறிய நீர் 1 லீற்றர்.
2. சீனி, மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி.
3. உப்பு, மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி.

கலந்ததும் ஒரு துளி சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. உப்புக் கூடினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சீனி கூடினால் பேதி அதிகரிக்கும். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று நம் மூத்தோர் சொன்னது இதற்கும் பொருந்தும். ஒரு நாளுக்கு மேல் வைக்காமல் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்பும் கால் கோப்பை முதல் அரைக் கோப்பை வரை கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மூத்த பிள்ளைக்கு அரைக் கோப்பை முதல் ஒரு கோப்பை வரை. சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மெதுவாக மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சி நல்லது, இளநீரும் கொடுக்கலாம். சோடாவும் இனிப்புப் பானங்களும் வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சிங்க் குளிசை பற்றிக் கேளுங்கள். 10 முதல் 14 நாள் கொடுத்தால் பேதி விரைவில் குறையும்.

தடிமன், இருமல்

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர் எங்கள் வீடுகளின் முதல் மருந்து. தடிமனை இது மாற்றுவதில்லை. அது ஒரு கிழமையில் தானாகவே போகும். ஆனால் சூடான குடிநீர் தொண்டைக்கு இதம் தரும், உடலில் நீரைக் காக்கும். இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் நல்லது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நாவில் தேனைத் தொட்டும் வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் தசைகளை முடக்கிவிடும். ஆடாதோடைக் குடிநீரைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

ஆவி பிடிப்பதிலும் கவனம் வேண்டும். நெரிசலான கொட்டிலில் கொதிக்கும் பானை கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். சுட்டுவிட்டால் பற்பசையோ மையோ பூச வேண்டாம். சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுங்கள்.

இருமும் பிள்ளையின் மூச்சை எண்ணப் பழகுங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40. இந்த எண்ணை எட்டினாலோ கடந்தாலோ, நெஞ்சு உள்ளிழுத்தாலோ அது நியுமோனியாவாக இருக்கலாம். குடிநீர் அவிக்க நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

காய்ச்சல்: இங்கேதான் எல்லை

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சல் கண்டு சில நாட்களிலேயே சிலர் இறந்தனர். மர்மக் காய்ச்சல் என்று பயந்தோம். பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்று வயலிலும் இக்கிருமி இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உட்புகும். வயலில் இறங்கும் கமக்காரருக்கே ஆபத்து அதிகம்.

கடுங்காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவு, தலையிடி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் முதல் நாளிலேயே வைத்தியரிடம் சென்று, "நான் வயலில் இறங்கினேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உயிரைக் காக்கும். விதைப்புக் காலத்துக்கு முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள்.

டெங்குக் காய்ச்சலிலும் இவ்வாறே. பரசிற்றமோலைத் தவிர வேறு காய்ச்சல் குளிசை எடுக்க வேண்டாம். அஸ்பிரின், இபுபுறோபன் இரண்டும் இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. காய்ச்சல் இறங்கும் நாளே டெங்கில் ஆபத்தான நாள். "சுகமாயிட்டுது" என்று தோட்டத்துக்குப் போனவர் சரிந்து விழுவது அப்போதுதான். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இவற்றுக்குக் கைமருந்து இல்லை

- மலத்தில் இரத்தம், ஓயாத சத்தி, 6 மணித்தியாலம் சிறுநீர் போகாமை, குடிக்க முடியாத சோர்வு.
- வலிப்பு, மயக்கம்.
- பாம்புக்கடி. இறுகக் கட்டுவதும் கீறுவதும் கல் வைப்பதும் நேரத்தைக் கொல்லும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எங்கள் குடாநாட்டில் புடையன் கடி அதிகம். பாயில் உறங்குபவரைக் கடித்து, கடிவாயே தெரியாமல் போகும் பாம்பும் உண்டு. விடியற்காலையில் வயிற்றுநோவோடு இமை சரிந்தால் அதையும் சந்தேகியுங்கள்.
- நாய்க்கடி. சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குச் செல்லுங்கள்.

பனங்கட்டியும் பனடோலும்

கைமருந்தை இகழ்வது எமது நோக்கமல்ல. யாழ்ப்பாண மன்னர் காலத்துப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் எங்கள் மண்ணின் செல்வம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் 1984 இல் சித்த மருத்துவக் கல்வியைத் தொடங்கியது. நல்ல பரியாரியார் சரக்கை நிறுத்துத்தான் கொடுப்பார். தன்னால் முடியாததை முடியாது என்றும் சொல்வார். அளவும் எல்லையும் எங்கள் மரபுக்கு வெளியே இருந்து வந்தவையல்ல. ஓடி ஓடித் திரிந்த ஆண்டுகளில் நாமே அவற்றைத் தொலைத்துவிட்டோம். துணிப்பொட்டலம் மிஞ்சியது, அதைப் பயன்படுத்தும் அறிவு பாதியில் நின்றுவிட்டது.

1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண்ணை விட்டு எழுந்த குடும்பங்களுள் சில இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. வேலியில் நின்ற ஆடாதோடையும் துலாவடி வல்லாரையும் அங்கேயே போய்விட்டன. ஆயினும் பழைய வாளியிலும் உரச் சாக்கிலும் கற்பூரவள்ளி, துளசி, வல்லாரை வளரும். முருங்கைத் தடி ஒன்றை ஊன்றினால் ஓர் ஆண்டுக்குள் இலை பறிக்கலாம். காணி எம்முடையதல்ல என்று இருக்க வேண்டாம். வாளியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எங்கள் கொட்டில்களில் குடிநீரைக் கொதிக்க வைப்பவர் எத்தனை பேர்? மலசலகூடக் குழியிலிருந்து கிணறு எவ்வளவு தூரம்? (எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்கு விரைவில் கிணற்றைச் சேரும்.)
2. ஒரு போத்தலும் ஒரு தேக்கரண்டியும் கொண்டு வந்து, எல்லோரும் முன்னிலையில் ஒருவர் சீனி உப்பு நீரைக் கலந்து காட்டட்டும். அளவு சரியா என்று மற்றவர்கள் சொல்லட்டும்.
3. இரவில் ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கினால் யாருடைய வாகனம்? எந்த வைத்தியசாலை? விடையை எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம்.