பக்கத்து ஆஸ்பத்திரியின் ஆட்சேபம்

வைத்தியச் செலவின் வரலாறு - 11

‘உங்களுக்கு என்ன செலவானதோ சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறோம்.’ 1965-ல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வந்தபோது அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் போன விதம் இதுதான் என்று சென்ற வாரம் பார்த்தோம். ப்ளூ கிராஸ் காப்பீட்டிலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான். செலவைக் குறைத்தால் வரவும் குறையும், கூட்டினால் வரவும் கூடும். இப்படி ஒரு ஏற்பாட்டில் எந்த நிர்வாகி புதுக் கட்டடம் வேண்டாம் என்பார்?

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரத்து முதலாளிகளுக்கு மெடிகேர் வருவதற்கு முன்பே இது புரிந்துவிட்டது. ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனியின் ஊர் அது. தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது கம்பெனிகள். ஊர் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றும் புதிதாகக் கட்டில் போட நன்கொடை கேட்டு வந்தன. மேரியன் ஃபோல்சம் என்பவர் கோடாக்கில் பெரிய பதவியில் இருந்தவர். ஐசனோவர் அமைச்சரவையில் சுகாதாரத் துறையையும் பார்த்தவர். கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதற்கு முன்னால் ஊருக்கு மொத்தம் எத்தனை கட்டில் வேண்டும் என்று கணக்குப் போடுவோம் என்றார் அவர். ஊர் அளவில் நடந்த அந்தக் காரியம் 1964-ல் மாநிலச் சட்டமானது. ஆஸ்பத்திரி கட்ட நினைப்பவர் அது தேவை என்று முதலில் அரசிடம் நிரூபிக்க வேண்டும். ‘தேவைச் சான்றிதழ்’ என்ற முறை இப்படித்தான் பிறந்தது.

இதற்கு ஆராய்ச்சிப் பலமும் இருந்தது. 1959-ல் மில்ட்டன் ரோமர் என்ற பொதுச் சுகாதார அறிஞர் சக ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். காப்பீடு பணம் கொடுக்கும் இடத்தில், போட்ட கட்டில் காலியாகக் கிடப்பதில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்ற நோயாளியை இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்பார் டாக்டர். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. இடம் இருக்கிறது, பணம் வருகிறது, நோயாளிக்கும் அது பாதுகாப்பு.

வேடிக்கை என்னவென்றால், 1946-ல் ஹில்-பர்ட்டன் சட்டம் போட்டு ஊர் ஊராக ஆஸ்பத்திரி கட்டக் காசு கொடுத்ததும் இதே அரசாங்கம்தான். கட்டச் சொல்லிக் கொடுத்த கை, பிறகு கட்டாதே என்று தடுக்க வந்தது. 1974-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரத் திட்டமிடல் சட்டம், மத்திய நிதி வேண்டுமானால் இந்த அனுமதி முறையைக் கொண்டுவா என்று மாநிலங்களை நெருக்கியது. 1980-களின் தொடக்கத்தில் லூசியானா தவிர எல்லா மாநிலமும் வழிக்கு வந்தாயிற்று. ஆனால் 1983-ல் மெடிகேர் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. இன்ன நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை நிர்ணயித்தார்கள். சட்டம் பிறந்த காரணம் பெருமளவு போய்விட்டது. 1986-ல் மத்திய அரசு தன் சட்டத்தை ரத்து செய்தது. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் கைகழுவின. ஏறத்தாழ 35 மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் அது இன்னமும் இருக்கிறது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்டவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது? வட கரோலைனாவை எடுத்துக்கொள்வோம். மாநில அரசு வருஷத்துக்கு ஒரு தடவை தடிமனான திட்ட ஆவணம் ஒன்றை வெளியிடும். எந்த மாவட்டத்துக்கு இன்னும் எத்தனை கட்டில், எத்தனை ஆபரேஷன் தியேட்டர், எத்தனை எம்.ஆர்.ஐ. மெஷின் என்று அதில் எண் போட்டிருக்கும். உங்கள் மாவட்டத்துக்கு நேராக எம்.ஆர்.ஐ. பத்தியில் பூஜ்யம் என்றால் கதை முடிந்தது. சொந்தப் பணமும் சொந்த இடமும் இருந்தாலும் மெஷின் வாங்க முடியாது. ஒன்று என்று இருந்தால் நாலு பேர் மனுப் போடுவார்கள். மக்கள்தொகை எப்படி வளரும், இப்போதுள்ள மெஷின்களில் எத்தனை ஸ்கேன் நடக்கிறது, ஏழைகளுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், சம்பளச் செலவு என்ன என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை வேண்டும். மனு வந்ததும் போட்டியாளர்கள் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். பிறகு பொது விசாரணை. முடிவெடுக்க அரசுக்கு 90 நாள் அவகாசம், தேவைப்பட்டால் மேலும் 60 நாள். தோற்றவர் அடுத்து நிர்வாக நீதிபதியிடம் போவார். மெஷின் வருவதற்குள் அதைவிட நல்ல மாடல் சந்தைக்கு வந்துவிடும். இந்த மனுக்களைத் தயாரிப்பதற்கென்றே ஆலோசகர்களும் வக்கீல்களும் இருக்கிறார்கள்.

இந்த மாநிலத்தில் நியூ பெர்ன் என்ற சிற்றூரில் ஒரு கண் டாக்டர். அவருடைய கிளினிக்கிலேயே ஆபரேஷன் தியேட்டர் உண்டு. ஆனால் சான்றிதழ் இல்லை. திட்ட ஆவணப்படி அந்தப் பகுதிக்குக் கூடுதல் தியேட்டர் தேவையில்லை. அதனால் கண்புரை ஆபரேஷனுக்கு வருபவர்களில் பெரும்பாலோரை உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் அங்கே செய்ய வேண்டியிருந்தது. அதே டாக்டர், அதே கை, அதே லென்ஸ். பில் மட்டும் பல மடங்கு. 2020-ல் அவர் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டுகள் தள்ளிவிட்டன. 2024 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம், அவர் எழுப்பிய அரசியல் சாசனக் கேள்வியை முறையாக விசாரியுங்கள் என்று ஒருமனதாகத் திருப்பி அனுப்பியது. கண்புரை ஆபரேஷனை முகாம் போட்டுச் செய்து பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது நம்ப முடியாத சங்கதியாக இருக்கும்.

ஆனால் போட்டியாளரைக் கூப்பிட்டு வைத்து அனுமதி கொடுப்பது நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. பஸ் பர்மிட் கதை பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில், ஒரு தடத்தில் புதிதாக பஸ் விட யாராவது மனுப் போட்டால், ஏற்கெனவே அந்தத் தடத்தில் ஓட்டுபவர் ஆட்சேபம் சொல்லலாம். அதிகாரி அதைக் கேட்டாக வேண்டும். 1988-ம் வருஷச் சட்டம் அந்த உரிமையை எடுத்துவிட்டது. போட்டிக்கு ஆள் வரக் கூடாது என்று கேட்க பழைய முதலாளிக்கு உரிமை இல்லை என்று நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாம் பஸ்ஸில் கைவிட்டதை அமெரிக்க மாநிலங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்தில் நடந்தது இதைவிடச் சங்கடமானது. பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு அகதிகளாக வந்த நேபாளி மொழிக்காரர்கள் அங்கே நிறையப் பேர். வயதானவர்களுக்கு ஆங்கிலம் வராது. வீட்டுக்கே வரும் நர்ஸிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நேபாளி பேசும் நர்ஸுகளை வைத்து வீட்டுப் பராமரிப்புச் சேவை நடத்த இரண்டு பேர் முன்வந்தார்கள். கட்டடம் இல்லை, மெஷின் இல்லை, அரசு கொடுக்க வேண்டிய கட்டில் எதுவும் இல்லை. ஆனாலும் சான்றிதழ் வேண்டும். சூத்திரத்தில் போட்டுப் பார்த்ததில் அந்த மாவட்டத்துக்குப் புதிய சேவை தேவைப்படவில்லை. நோயாளி எந்த மொழியில் வலியைச் சொல்வார் என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. ஏற்கெனவே வீட்டுப் பராமரிப்பு நடத்தும் பெரிய மருத்துவ நிறுவனம் ஒன்று எதிர்ப்பும் தெரிவித்தது. மனு நிராகரிக்கப்பட்டது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2022-ல் வந்த தீர்ப்பில் இந்தச் சட்டம் புத்திசாலித்தனமானதுதானா என்ற சந்தேகத்தை நீதிபதி மறைக்கவில்லை. ஆனால் சட்டம் செல்லும் என்றார்.

அனுமதி ஒரு சிலர் கையில் குவிந்தால் அடுத்து என்ன வரும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இல்லினாய் மாநிலத்தில் அது அப்படியே வந்தது. நேப்பர்வில் ஊரில் எட்வர்ட் ஆஸ்பத்திரியின் தலைவி பமீலா டேவிஸ். பிளெயின்ஃபீல்டில் புதிய ஆஸ்பத்திரி கட்ட மனுப் போட்டிருந்தார். இன்ன கான்ட்ராக்டரை வைத்துக்கொண்டால்தான் காரியம் நடக்கும் என்று அவருக்குச் சேதி வந்தது. அவர் நேரே எஃப்.பி.ஐ.க்குப் போனார். உடைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அந்த ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். அனுமதி வாரியத்தில் ஒன்பது உறுப்பினர்கள், ஐந்து ஓட்டு வேண்டும். ஸ்டூவர்ட் லெவின் என்ற உறுப்பினர்தான் உள்ளிருந்து நூல் இழுத்தவர். 2004 ஏப்ரலில் கிரிஸ்டல் லேக் ஊருக்கான வேறொரு ஆஸ்பத்திரி மனு ஓட்டெடுப்புக்கு வந்தது. நடுவிலேயே லெவின் எழுந்து போய் சக உறுப்பினர் ஒருவரிடம் ஏதோ சொன்னார். அவர் ஓட்டு ஆதரவாக விழுந்தது, ஐந்து சேர்ந்தது. அந்தக் கான்ட்ராக்டரிடமிருந்து லெவினுக்கு வர வேண்டிய கமிஷன் பத்து லட்சம் டாலர் என்று வழக்கில் வெளியானது. 2006-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கவர்னர் ப்ளகோயெவிச்சுக்கு வேண்டியவரான டோனி ரெஸ்கோவும் இதே விவகாரத்தில் குற்றவாளி என்று 2008-ல் தீர்ப்பானது. கவர்னரே பின்னால் வேறு ஊழல்களுக்காகச் சிறைக்குப் போனார். வாரியத்தைச் சீர்திருத்திப் பெயரும் மாற்றினார்கள். வாரியம் இன்றும் இருக்கிறது.

சட்டத்தை ஆதரிப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1986-ல் வந்த இன்னொரு சட்டப்படி, அவசர சிகிச்சைக்கு வருபவரிடம் காசு இல்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்பக் கூடாது. கிராமத்து ஆஸ்பத்திரி அந்த நஷ்டத்தை ஸ்கேனிலும் முழங்கால் ஆபரேஷனிலும் வரும் லாபத்தை வைத்துத்தான் ஈடுகட்டுகிறது. எதிர்த்த தெருவில் ஸ்கேன் சென்டர் ஒன்று திறந்து, காப்பீடு உள்ளவர்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனால், ராத்திரி இரண்டு மணிக்கு விபத்தில் அடிபட்டவரைப் பார்க்க ஆஸ்பத்திரியே இருக்காது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆனால் அதற்கு மருந்து, அந்த நஷ்டத்துக்கு நேரடியாகப் பணம் கொடுப்பது. போட்டியை மறித்து, அந்தச் செலவை மற்ற நோயாளிகளின் பில்லில் மறைத்து வைப்பது யாருக்கும் கணக்குத் தெரியாமல் வரி போடுவதற்குச் சமம். 2004-ல் அமெரிக்காவின் வணிகப் போட்டி ஆணையமும் நீதித் துறையும் சேர்ந்து கொடுத்த அறிக்கை, இந்தச் சட்டம் செலவைக் கட்டுப்படுத்தவில்லை, மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. 2020-ல் கொரோனா வந்தபோது பல மாநிலங்கள் அவசரமாக இதை நிறுத்தி வைத்தன. கட்டில் போட அனுமதி கேட்டுக் காத்திருக்க நேரமில்லை அல்லவா?

நம் ஊரில் ஆஸ்பத்திரி திறக்க கட்டட அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதல், சி.டி. ஸ்கேனுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம், கருவின் பாலினம் சொல்லாமல் தடுக்க அல்ட்ராசவுண்ட் பதிவு என்று வரிசை நீளம். எல்லாமே பாதுகாப்பாக இருக்கிறதா, சட்டப்படி நடக்கிறதா என்பதைப் பற்றியவை. இந்தத் தெருவுக்கு இது வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை. ஒரே சாலையில் வரிசையாக ஸ்கேன் சென்டர்கள் நிற்பதும், பிரசவச் சிக்கல் என்றால் அடுத்த மாவட்டத்துக்கு ஓட வேண்டியிருப்பதும் அதனால்தான். ஆகவே அந்தக் கேள்வியே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அரசு கேட்கட்டும். இல்லாத இடத்துக்கு ஆஸ்பத்திரி போக மானியமும் கொடுக்கட்டும். ஆனால் பதில் சொல்லும் உரிமையை ஏற்கெனவே கடை விரித்திருப்பவரிடம் ஒப்படைக்கக் கூடாது. அமெரிக்கர்கள் கோட்டைவிட்டது அந்த இடத்தில்தான்.

சில மாநிலங்கள் இப்போது பின்வாங்குகின்றன. தென் கரோலைனா 2023 மே மாதம் சட்டத்தின் பெரும்பகுதியை நீக்கியது. ஆஸ்பத்திரிகளுக்கான கட்டுப்பாடு 2027 ஜனவரி 1-ம் தேதியோடு முடியும் என்று எழுதிவைத்தது. முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மட்டும் அனுமதி முறை தொடர்கிறது.

அடுத்த வாரம், மேலே சொன்ன 1986-ம் வருஷத்து அவசர சிகிச்சைச் சட்டம்.

(தொடரும்)