தொலைக்காட்சியின் முதுகுப்புறம்

புதிய தொலைக்காட்சி வரும் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ‘ஃபுல் எச்டி’, ‘4கே’ போன்ற சொற்கள், அதன் திரையில் எத்தனை ஒளிப்புள்ளிகள் பதிக்கப்பட்டுள்ளன என்பதை மட்டுமே தெரிவிக்கின்றன. அந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு செய்தி வந்து சேர்கிறது என்பதை ஒளிபரப்பும், செட்டாப் பாக்ஸும், அதிலிருந்து வரும் கம்பியும், அக்கம்பி செருகப்படும் துளையும், இரு கருவிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் அமைப்புகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இவற்றுள் எது மிகக் குறைந்த தரத்தில் இருக்கிறதோ, அதைத் தாண்டிப் படம் தெளிவடைவதில்லை. உயர்தெளிவுத் திரையை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பழைய பெட்டியோடு வந்த மஞ்சள் கம்பியையே அதில் செருகிப் பார்க்கும் வீடுகள் இன்றும் இருப்பதால், தொலைக்காட்சியின் முன்புறத்தைப் போலவே முதுகுப்புறத்தையும் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

கடைகளில் ‘ரெசல்யூஷன்’ என்று சொல்லப்படும் பிரிதிறன், ஒரு படம் எத்தனை தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டப்படுகிறது என்பதன் அளவாகும். இப்புள்ளி ஒவ்வொன்றும் பிக்சல் எனப்படுகிறது. இந்தியாவின் பழைய தரத்தை எண்ணிம முறைக்கு மாற்றும்போது கிடைக்கும் படம், கிடையாக 720 பிக்சல்களும் செங்குத்தாக 576 வரிகளும் கொண்டது; மொத்தம் 4,14,720 பிக்சல்கள். உயர்தெளிவின் முதற்படியான 1280×720 அளவில் 9,21,600 பிக்சல்களும், ஃபுல் எச்டி எனப்படும் 1920×1080 அளவில் 20,73,600 பிக்சல்களும், 4கே எனப்படும் 3840×2160 அளவில் 82,94,400 பிக்சல்களும் உள்ளன. ‘எச்டி ரெடி’ என்ற பெயரில் விற்கப்படும் 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றின் திரை இவற்றில் எதனோடும் பொருந்தாத 1366×768 அளவில் அமைந்திருப்பதால், அவற்றுக்கு எந்த உயர்தெளிவுப் படம் வந்தாலும் அது அளவு மாற்றப்பட்ட பிறகே திரையை அடைகிறது.

இந்த அளவு மாற்றம் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் தேவைப்படவில்லை. அதில் மின்னணுக் கற்றை பாஸ்பர் பூசிய கண்ணாடியின் மீது வரிவரியாக ஓடிப் படத்தை வரைந்ததால், வரிகளைச் சற்று நெருக்கியோ அகற்றியோ வரைவது இயன்றது. இன்றைய திரையிலோ ஒவ்வொரு பிக்சலும் ஆலையிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டுவிடுகிறது. வரும் படத்தின் பிக்சல் எண்ணிக்கை திரையின் எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தால், இடைப்பட்ட பிக்சல்களின் நிறத்தைத் தொலைக்காட்சியின் செயலியே அண்டைப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டு நிரப்ப வேண்டும். 720×576 படத்தை ஃபுல் எச்டி திரை முழுவதும் பரப்பும்போது, ஒரு பிக்சலுக்கு வந்த செய்தியைக் கொண்டு ஐந்து பிக்சல்களை ஒளிரச் செய்ய நேர்கிறது. 4கே திரையானால் அது இருபதாகிறது. நல்ல செயலி இந்தக் கணக்கைத் திறமையாகச் செய்து விளிம்புகளின் பிசிறைக் குறைக்கும் என்றாலும், வராத விவரத்தை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் நன்றாகத் தெரிந்த அலைவரிசை புதிய பெரிய திரையில் மங்கித் தெரிகிறது என்று பலர் மனம் சலித்துக்கொள்வதன் காரணம் இதுவே. அங்கே பழுது எதுவும் இல்லை.

எண்ணோடு சேர்ந்து வரும் ‘பி’, ‘ஐ’ என்னும் எழுத்துகள் வரிகள் அனுப்பப்படும் முறையைக் குறிக்கின்றன. இந்தியா பின்பற்றிய ‘பால்’ எனப்படும் பழைய ஒளிபரப்பு முறையில் படம் 625 வரிகளைக் கொண்டது. அவற்றுள் 576 கண்ணுக்குத் தெரிபவை. நொடிக்கு 25 முழுப்படங்களே அனுப்பப்பட்டால் திரை மினுக்கும். 50 முழுப்படங்களை அனுப்பினால் இரு மடங்கு அலைவரிசை இடம் தேவைப்படும். ஆகவே பொறியாளர்கள் ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் மாற்றி மாற்றி அனுப்பி, நொடிக்கு 50 அரைப்படங்களாகக் கண்ணுக்குத் தொடர்ச்சியை உண்டாக்கினார்கள். ‘ஐ’ என்பது இந்த ஒன்றுவிட்ட வரி முறையையும், ‘பி’ என்பது எல்லா வரிகளையும் வரிசையாக ஒரே முறையில் அனுப்புவதையும் குறிக்கும். குழாய்த்திரைக்காகப் பிறந்த இந்த ஏற்பாடு உயர்தெளிவு ஒளிபரப்பிலும் 1080ஐ என்ற பெயரில் தொடர்கிறது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பின் உயர்தெளிவு ஆய்வைத் தொடங்கிய ஜப்பானின் என்எச்கே நிறுவனம் உருவாக்கிய 1125 வரி ‘ஹை-விஷன்’ முறையும் ஒன்றுவிட்ட வரி முறையே. தட்டைத் திரை அரைப்படங்களை அப்படியே காட்டவியலாது என்பதால், இரண்டையும் இணைத்து முழுப்படமாக்கும் பணி தொலைக்காட்சிக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ வந்து சேர்கிறது. வேகமாக ஓடும் பந்தின் விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தெரிந்தால், அந்த இணைப்பு சரியாக நடைபெறவில்லை என்று கொள்ளலாம்.

இனித் துளைகளுக்கு வரலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனைகள் கொண்ட ஏவி கேபிளில் சிவப்பும் வெள்ளையும் வலப்புற, இடப்புற ஒலிக்கானவை. படம் முழுவதும் மஞ்சள் முனை ஒன்றின் வழியாகவே வருகிறது. கூட்டுக் குறிகை எனப்படும் இம்முறையின் பிறப்புக்குக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியே காரணம். வண்ண ஒளிபரப்பு வந்தபோது ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் அதைக் காட்ட வேண்டியிருந்தது. எனவே ஒளியின் அளவைச் சொல்லும் பழைய குறிகையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேற்பகுதியில், நொடிக்கு ஏறத்தாழ 44.3 லட்சம் முறை அதிரும் துணை அலை ஒன்றின் மீது வண்ணச் செய்தியை ஏற்றினார்கள். மிகுந்த அறிவுத்திறனுடன் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆயினும் ஒரே கம்பியில் கலந்துவிட்ட ஒளியையும் வண்ணத்தையும் பெறும் முனையில் முழுமையாகப் பிரிப்பது இயலாத செயல். செய்தி வாசிப்பவரின் சட்டையிலுள்ள நெருக்கமான கோடுகளில் இல்லாத வானவில் நிறங்கள் நெளிவதும், எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வதும் இந்தப் பிரிப்பில் நேரும் குழப்பத்தின் விளைவுகள். மேலும் இக்கம்பி 576 வரிகளுக்கு மேற்பட்ட படத்தைச் சுமக்க வடிவமைக்கப்படவில்லை என்பதால், எச்டி செட்டாப் பாக்ஸை மஞ்சள் கம்பியால் இணைப்பவர் எச்டி சந்தாவுக்குக் கட்டும் பணம் வீணாகிறது.

ஒளியையும் வண்ணத்தையும் இரு தனிக் கம்பிகளில் அனுப்பிய நான்கு ஊசி எஸ்-வீடியோ இக்குழப்பத்தை நீக்கியது. ஆனால் வரி எண்ணிக்கையை உயர்த்தவில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனைகள் கொண்ட காம்பொனன்ட் இணைப்பு ஒரு படி மேலே சென்று, பச்சையில் ஒளி அளவையும், நீலத்தில் நீல நிறத்திலிருந்து அந்த ஒளி அளவைக் கழித்த வேறுபாட்டையும், சிவப்பில் அவ்வாறே சிவப்பின் வேறுபாட்டையும் தனித்தனியே அனுப்புகிறது. மூன்று நிறங்களையும் நேரடியாக அனுப்பாமல் இவ்வாறு பிரிப்பதற்கு மனிதக் கண்ணின் இயல்பு அடிப்படையாகிறது: கண் ஒளியின் நுண்விவரத்தைக் கூர்மையாகவும் வண்ணத்தின் நுண்விவரத்தை அதைவிட மங்கலாகவுமே காண்பதால், வண்ணத்துக்குக் குறைந்த இடம் ஒதுக்கினாலும் படம் கெடுவதில்லை. காம்பொனன்ட் கம்பி ஒப்புமை முறையில் இயங்கினாலும் 1080ஐ படத்தைத் தாங்க வல்லது. இடத்தைச் சுருக்குவதற்காகப் பல தொலைக்காட்சிகளில் மஞ்சள் முனைக்கும் பச்சை முனைக்கும் ஒரே துளை அமைக்கப்பட்டுள்ளது. அத்துளையில் மஞ்சள் முனையைச் செருகிவிட்டு, உள்ளீட்டுப் பட்டியலில் ‘காம்பொனன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். ‘ஏவி’ என மாற்றினால் வண்ணம் திரும்பிவிடும்.

இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளையும் இணைக்கும் எச்டிஎம்ஐ, ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக 2002 டிசம்பரில் வெளியானது. விரல்நுனி அகலமுள்ள அந்த முனையில் 19 ஊசிகள் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி, படத்தையும் ஒலியையும் எண்ணிம வடிவில் கொண்டு செல்லும் மூன்று செய்தித் தடங்களுக்கும் அவற்றின் காலக்குறிப்புத் தடத்துக்கும் உரியது. ஒவ்வொரு தடத்திலும் பின்னிய இரு கம்பிகள் ஒன்றுக்கொன்று எதிரான மின்குறிகைகளைச் சுமக்கின்றன. வெளியிலிருந்து புகும் மின்னிரைச்சல் இரண்டையும் ஒரே விதமாகப் பாதிக்கும் என்பதால், பெறும் முனை இரண்டின் வேறுபாட்டை மட்டும் அளந்து இரைச்சலை நீக்கிவிடுகிறது.

இந்தத் தடங்களின் மீதான சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் எச்டிஎம்ஐயின் பதிப்பு எண்கள் எதற்கென்று விளங்கும். ஃபுல் எச்டி படத்தின் ஒரு பிக்சலுக்கு 24 பிட் வீதம், நொடிக்கு 60 படங்களுக்கு ஏறத்தாழ 299 கோடி பிட்கள் தேவை. படங்களுக்கிடையே விடப்படும் இடைவெளியையும், 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்பும் பாதுகாப்புக் குறியீட்டையும் சேர்த்தால் இது 446 கோடியாகிறது. முதற்பதிப்பின் எல்லை 495 கோடி என்பதால் ஃபுல் எச்டி அதற்குள் அடங்கியது. அதே வேகத்தில் 4கே படத்துக்கு 1782 கோடி பிட்கள் தேவைப்பட, 2013இல் வந்த 2.0 பதிப்பு 1800 கோடியை எல்லையாக வைத்தது, 2017இன் 2.1 பதிப்பு அதை 4800 கோடிக்கு உயர்த்தியது. 2009இன் 1.4 பதிப்பிலேயே 4கே சாத்தியமாயிற்று என்றாலும் நொடிக்கு 30 படங்களுக்கு மேல் அதில் செல்லவில்லை.

எச்டிஎம்ஐயின் தனிச்சிறப்பு, கருவிகள் இரண்டும் படம் தொடங்கும் முன் தமக்குள் பேசிக்கொள்வதுதான். செட்டாப் பாக்ஸ் முதலில் 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஓர் ஊசியில் அனுப்புகிறது. தொலைக்காட்சி மற்றோர் ஊசியின் வழியே தன் இருப்பை அறிவிக்கிறது. பின்பு பெட்டியானது, தொலைக்காட்சியின் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ள ஈடிஐடி என்னும் விவரக்குறிப்பைப் படித்து, அத்திரை ஏற்கும் பிரிதிறன்களையும் ஒலி வகைகளையும் அறிந்துகொள்கிறது. இதைத் தொடர்ந்து, இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்னும் நகல்தடுப்பு முறையில் இரு கருவிகளும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. இவற்றுள் ஏதேனும் ஒரு கட்டம் தடைப்பட்டாலும் திரை கறுப்பாகும், அல்லது படம் குறைந்த பிரிதிறனில் வரும். கம்பியைக் கழற்றி மீண்டும் செருகினால் பல நேரங்களில் படம் வந்துவிடுவதற்குக் காரணம், இந்த உரையாடல் முதலிலிருந்து தொடங்குவதே.

ஒரே தொலைக்காட்சியிலுள்ள எச்டிஎம்ஐ துளைகள் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் திறனில் வேறுபடலாம். ‘ஏஆர்சி’ என்று குறிக்கப்பட்ட துளை மட்டுமே தொலைக்காட்சியின் ஒலியை சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும். சில மாதிரிகளில் ஒன்றிரண்டு துளைகளே முழு வேகத்தைத் தாங்கும். அவற்றிலும் அமைப்புப் பட்டியலுக்குள் சென்று அத்துளைக்கான மேம்பட்ட நிலையை இயக்கினால்தான் 4கே படம் நொடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தில் முழு வண்ணத்துடன் வரும். கேபிளைப் பொறுத்தவரை, விலை உயர்ந்தது படத்தை அழகாக்கும் என்னும் விற்பனைப் பேச்சை நம்ப வேண்டியதில்லை. எண்ணிமக் குறிகை சரியாக வந்து சேர்ந்தால் படம் முழுமையாக இருக்கும். சேராவிட்டால் வெண்புள்ளிகள் மின்னும், படம் அறுந்து அறுந்து வரும். இடைப்பட்ட ‘சற்று மங்கல்’ என்ற நிலை அதில் இல்லை. தேவையான வேகத்துக்குச் சான்றளிக்கப்பட்ட கேபிளை வேண்டிய நீளத்துக்கு மிகாமல் வாங்குவது போதுமானது.

இணைப்பு சரியாக அமைந்த பிறகும் இரண்டு அமைப்புகள் படத்தைக் கெடுக்கக் கூடும். குழாய்த் திரைகளின் விளிம்பு துல்லியமற்றதாக இருந்ததால், படத்தின் ஓரங்களைச் சற்று வெளியே தள்ளிக் காட்டும் ஓவர்ஸ்கேன் என்னும் வழக்கம் தோன்றியது. தேவை மறைந்த பின்னும் பல புதிய தொலைக்காட்சிகள் அதைத் தொடர்ந்து செய்கின்றன. 1920×1080 படத்தின் ஓரத்தை வெட்டி, எஞ்சியதை மீண்டும் 1920×1080 ஆக விரிப்பதால், ஒன்றுக்கு ஒன்று பொருந்தியிருக்க வேண்டிய பிக்சல்கள் அனைத்தும் மறுகணக்குக்கு உள்ளாகி மங்குகின்றன. ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போன்ற பெயர்களில் உள்ள அமைப்பு இதை நிறுத்தும். மற்றொன்று அகலம். உயர்தெளிவுத் திரை 16:9 விகிதமுடையது. 1950களின் கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்கள் ஏறத்தாழ 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் நிற்பதைக் குறையெனக் கருதி அப்படங்களை இழுத்துப் பரப்பும்போது முகங்கள் அகன்று, ஒளிப்பதிவாளர் அளந்து அமைத்த சட்டகமே சிதைகிறது. அப்பட்டைகளை அவ்வாறே விட்டுவிடுவதுதான் அக்கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை.

பிரிதிறனின் பயன் பார்க்கும் தொலைவையும் பொறுத்தது. இயல்பான கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும் எனக் கொண்டு கணக்கிட்டால், 1080 வரிகளின் முழு விவரம் திரை உயரத்தைப் போல் ஏறத்தாழ 3.2 மடங்குத் தொலைவுக்குள்ளும், 2160 வரிகளின் முழு விவரம் 1.6 மடங்குக்குள்ளும் அமர்ந்தால்தான் தெரியும். சுமார் 53 சென்டிமீட்டர் உயரமுள்ள 43 அங்குலத் திரைக்கு இவை முறையே 1.7 மீட்டரும் 85 சென்டிமீட்டரும் ஆகும். மூன்று மீட்டர் தள்ளி அமர்பவருக்கு அந்த அளவுத் திரையில் ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் உள்ள புள்ளி வேறுபாடு புலப்படாது என்பதால், அவர் அதற்கெனக் கூடுதல் பணம் செலவிடும் முன் நாற்காலியின் இடத்தை அளந்து பார்ப்பது நல்லது.

திரைக்கு உண்மையில் எந்தப் படம் வருகிறது என்பதை அறிய, பல தொலைக்காட்சிகளின் ரிமோட்டில் உள்ள ‘இன்ஃபோ’ பொத்தானை அழுத்தினால் 576ஐ, 1080ஐ, 2160பி போன்ற குறிப்பு திரையின் மூலையில் தோன்றும். எச்டி அலைவரிசையைப் பார்க்கும்போதும் 576 என்று வந்தால், முதலில் கம்பி மஞ்சளா எச்டிஎம்ஐயா என்பதையும், அடுத்து செட்டாப் பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் வெளியீட்டுப் பிரிதிறன் எதில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.