லாக் புத்தகத்தில் அப்பா இல்லை

அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த ஒருவர் காலமானபின் அவர் வீட்டில் என்ன மிஞ்சும்? ஒரு வெள்ளைத் தொப்பி, இரண்டு மூன்று பதக்கங்கள், ஒரு கப்பலின் படம். படத்தின் பின்பக்கம் பென்சிலில் நாலைந்து பட்டப்பெயர்கள். இருந்தவரை அவர் அந்தக் கப்பலைப் பற்றி அதிகம் வாய் திறந்திருக்க மாட்டார். போனபிறகுதான் பிள்ளைகளுக்குக் கேள்விகள் வரும். அங்கே அப்பா என்ன செய்தார்? கூட இருந்தவர்கள் யார்? அவர்களில் யாராவது இன்னும் இருக்கிறார்களா? இப்படித் தேடிப் புறப்படும் குடும்பங்கள் அந்த நாட்டில் ஏராளம். டீ ஆறுவதற்குள் நாமும் அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

முதலில் கப்பல் எது என்று சரியாகத் தெரிய வேண்டும். பெயர் தெரிந்தால் போதாதா என்றால், போதாது. ஒரு கப்பல் மூழ்கினாலோ ஓய்வு பெற்றாலோ அதே பெயரை இன்னொன்றுக்கு வைத்துவிடுவார்கள். லாஃபி என்ற நாசகாரிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 1942 நவம்பர் 13 அன்று குவாடல்கனால் கடற்போரில் மூழ்கிய லாஃபியின் எண் டிடி-459. 1945 ஏப்ரலில் ஒகினாவா பக்கம் ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் மோதி 32 பேரைப் பலிகொடுத்தும் மூழ்காமல் தப்பிய லாஃபி வேறு. அதன் எண் டிடி-724. இன்று தெற்குக் கரோலினாவில் அருங்காட்சியகமாக நிற்பது இந்த இரண்டாவது. பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர் தன் தாத்தாவைத் தவறான கப்பலில் ஏற்றிவிடுவார். அதனால்தான் பழைய படத்தில் கப்பலின் முகப்பில் வெள்ளையாகத் தெரியும் எண்ணை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அடுத்து ஒரு வதந்தியைத் தாண்ட வேண்டும். “பழைய ராணுவ ஆவணமெல்லாம் எரிந்துபோய்விட்டதே” என்று யாராவது சொல்வார்கள். எரிந்தது உண்மை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த ஆவணக் காப்பகத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்து, 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. ஆனால் அவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக்காரர்களின் கோப்புகளுக்கு அந்தத் தீயால் பெரிய சேதமில்லை. வதந்தியை நம்பிக் கேட்காமலே விட்டவர்கள் நிறையப் பேர்.

கேட்பதற்கு ஒரு விதி உண்டு. பணியிலிருந்து விலகி 62 ஆண்டு ஆகிவிட்டால் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அதற்குள் என்றால் சம்பந்தப்பட்டவரே கேட்க வேண்டும். அவர் காலமாகியிருந்தால் மறுமணம் செய்யாத மனைவி அல்லது கணவர், தாய் தகப்பன், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். பேரப்பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தேடும் ஆர்வம் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுக்குத்தான் வருகிறது என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. பேத்தி விவரங்களைத் திரட்டிக் கொடுக்க, அம்மா கையெழுத்துப் போட, இப்படித்தான் பல வீடுகளில் வேலை நடக்கிறது.

இனி, எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். அது கப்பலின் லாக் புத்தகம். கப்பலில் அன்றாடம் எழுதப்படும் பதிவேடு என்று அதைச் சொல்லலாம். முப்பது வருஷத்துக்கு மேற்பட்டவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். லட்சக்கணக்கான பக்கங்களைப் படமெடுத்து இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். அப்பா இருந்த கப்பல், அப்பா இருந்த வருஷம், பக்கம் பக்கமாக வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றதும் பிள்ளைகளுக்கு நெஞ்சு படபடக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் அப்பாவின் கதை இருக்கும், சண்டை இருக்கும், புயல் இருக்கும், சமையலறைச் சிரிப்பு இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

திறந்தால் இருப்பது இதுதான். நள்ளிரவு முதல் நாலு மணி வரை: கப்பல் இன்ன திசையில், இன்ன வேகத்தில் போகிறது. நாலு முதல் எட்டு: திசையை இவ்வளவு மாற்றினோம். எட்டு மணிக்கு ஆட்களைக் கணக்கெடுத்தோம், வராதவர் இல்லை. காற்று, மேகம், காற்றழுத்தம். கீழே, அந்த நேரத்துக் காவலில் இருந்த அதிகாரியின் கையெழுத்து. மறுநாளும் அதுவே. நூறு பக்கம் புரட்டினாலும் அப்பாவின் பெயர் தட்டுப்படாது. “அப்பா அந்தக் கப்பலில் உண்மையிலேயே இருந்தாரா?” என்று சிலருக்குச் சந்தேகமே வந்துவிடும்.

சந்தேகம் வேண்டாம். கொஞ்சம் நின்று யோசிப்போம். ஸ்டேஷன் மாஸ்டர் எழுதும் பதிவேட்டில் என்ன இருக்கும்? வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் தடத்தில் நின்றது, எப்போது புறப்பட்டது. எஸ்-6 பெட்டியில் உங்கள் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து போனார் என்று அதில் இருக்காது. பயணி ஒருவரின் பெயர் அதில் ஏற வேண்டுமென்றால் அவர் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். லாக் புத்தகமும் அப்படித்தான். அது கப்பலின் பதிவேடு. மனிதர்களைப் பற்றி எழுதுவதற்காக வைத்த ஏடே அல்ல.

அப்படியானால் சாதாரண மாலுமியின் பெயர் அதில் எப்போது வரும்? கரையில் விடுப்பு முடிந்து இரண்டு மணி நேரம் தாமதமாகத் திரும்பினால் வரும். கேப்டன் முன் நிறுத்தித் தண்டனை கொடுத்தால் வரும்; அந்தக் காலத்தில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து அடைத்துவைக்கும் தண்டனைகூட உண்டு, அதுவும் பதிவாகும். ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டால், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டால், வேறு கப்பலுக்கு மாற்றலானால், இறந்துபோனால் வரும். இவை எதுவும் இல்லாமல் ஒருவர் நேரத்துக்கு எழுந்து தன் காவலைப் பார்த்து, தன் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், அவரைப் பற்றி எழுத அதிகாரிக்கு ஒன்றுமில்லை. பெயர் காணவில்லை என்றால் பெரும்பாலும் அப்பா ஒழுங்காக வேலை பார்த்தார் என்றுதான் பொருள். வருத்தத்தோடு புத்தகத்தை மூடும் பிள்ளைகளிடம் இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இவ்வளவு வறண்ட புத்தகத்திலும் வருஷத்தில் ஒரு பக்கம் மட்டும் விதிவிலக்கு. ஜனவரி முதல் தேதி நள்ளிரவுக் காவலின் குறிப்பைச் செய்யுளாக எழுதலாம் என்பது அமெரிக்கக் கடற்படையின் பழைய வழக்கம். கப்பல் எங்கே கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது, அருகில் எந்தெந்தக் கப்பல்கள் நிற்கின்றன என்ற விவரங்கள் ஒன்றும் விடுபடக் கூடாது. ஆனால் எதுகை மோனையோடு வரலாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் இளம் அதிகாரி நங்கூரச் சங்கிலிக்கு இயைபு தேடித் தவித்திருப்பது அந்தப் பக்கங்களில் நன்றாகவே தெரியும்.

அந்த வறட்சியைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. காலை எட்டு, நண்பகல், இரவு எட்டு என்று நாளுக்கு மூன்று முறை கப்பல் இருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் லாக்கில் ஏறும். வியட்நாம் போரில் காடுகளை அழிக்க அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லியால் நோயுற்ற வீரர்களுக்கு இழப்பீடு உண்டு. ஆனால் கரையிலோ உள்நாட்டு ஆறுகளிலோ இருந்தவர்களுக்குத்தான் அது சுலபமாகக் கிடைத்தது; கரைக்கு அப்பால் கப்பலில் நின்றவர்கள் பல ஆண்டுகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2019-இல் சட்டம் மாறியது. கடற்கரையை ஒட்டி வரையறுத்த கோட்டிலிருந்து 12 கடல் மைலுக்குள் கப்பல் போயிருந்தால் அதிலிருந்தவர்களும் சேர்த்தி என்று ஆயிற்று. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை. கப்பல் அந்தக் கோட்டுக்குள் போனதா என்று எதை வைத்துச் சொல்வது? யாரும் படிக்காமல் கிடந்த அந்த ரேகைக் கணக்குகளை வைத்துத்தான். அப்பாவின் பெயரையே சொல்லாத புத்தகம், அவர் கப்பல் நின்ற இடத்தைச் சொல்லி அம்மாவுக்கு உதவித்தொகை வாங்கித் தந்த வீடுகள் உண்டு.

சரி, பெயர்கள் எங்கே இருக்கும்? மஸ்டர் ரோல் என்கிற ஆள்பட்டியலில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒவ்வொரு கப்பலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் மாலுமிகள் அனைவரின் பெயர், பணி எண், தொழில்நிலை எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பியது. இடையில் யார் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தார், யார் போனார் என்பதற்குத் தனிப் பட்டியல். இதில் அதிகாரிகள் இருக்க மாட்டார்கள். அவர்களுடைய பெயர்ப்பட்டியல் லாக்கோடு மாதாமாதம் சேரும். ஆக மாலுமியின் மகன் லாக்கில் தேடி ஏமாறுகிறான், அதிகாரியின் மகள் மஸ்டர் ரோலில் தேடி ஏமாறுகிறாள். இருவரும் இடம் மாறி உட்கார்ந்தால் போதும்.

பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் தொழில்நிலைக் குறியீட்டைத் தாண்டிப் போய்விடக் கூடாது. கப்பலில் ஒருவரின் முகவரியே அதுதான். பீரங்கிக்காரர் என்றால் மேல்தளம், வெயில், கடல்நீர்த் தெறிப்பு. டீசல் எஞ்சின் பார்ப்பவர் என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே, காது அடைக்கும் சத்தம், வியர்வை. வயதான காலத்தில் அப்பாவுக்கு ஏன் காது சரியாகக் கேட்கவில்லை என்ற கேள்விக்குச் சில வீடுகளில் இந்தக் குறியீடுதான் பதில் சொல்லியிருக்கிறது.

காகிதத்தைவிட்டு எழுந்து அந்த இடத்தையே பார்க்க முடிந்தால்? நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரத்து ஹட்சன் ஆற்றில் யு.எஸ்.எஸ். ஸ்லேட்டர் என்ற சிறிய போர்க்கப்பல் நிற்கிறது. சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகளிடமிருந்து காத்து அழைத்துச் செல்லும் துணைநாசகாரி வகை அது. போர்க்காலத்தில் அமெரிக்கா இந்த வகையில் 563 கப்பல்களைக் கட்டியது. அவற்றில் பலவற்றுக்கு அட்மிரல்களின் பெயரை வைக்காமல், போரில் இறந்த கடைநிலை மாலுமிகளின் பெயரை வைத்தார்கள். ஃபிராங்க் ஸ்லேட்டர், 1942 நவம்பர் 12 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ என்ற கப்பலில், பாய்ந்து வந்த விமானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தபடியே உயிர்விட்டவர். 1944 பிப்ரவரியில் அவர் பெயர் தாங்கிய கப்பலை ஃபுளோரிடாவில் நீரில் இறக்கிவைத்தவர் அவருடைய தாயார். குடும்பத்துக்கும் கப்பலுக்குமான உறவு அந்தக் கப்பலில் மாலுமிகள் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஸ்லேட்டர் அமெரிக்கக் கொடியின் கீழ் ஓடியது 1947 வரைதான். 1951-இல் கிரேக்க நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏட்டோஸ், அதாவது கழுகு, என்ற பெயரில் அங்கே நாற்பது வருஷம் உழைத்தது. வருஷக் கணக்கு பார்த்தால் அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் கிரேக்கப் பிள்ளைகளுக்கே அதில் உரிமை அதிகம். அது ஓய்வு பெற்றபோது, இந்த வகைக் கப்பல்களில் வேலை பார்த்த அமெரிக்க முதியவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி 1993-இல் கிரீட் தீவிலிருந்து கட்டி இழுத்து வரச் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஸ்லேட்டரில் கால் வைத்ததே இல்லை. அவர்களுடைய சொந்தக் கப்பல் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டது. அச்சு அசலாக அதே போன்ற ஒன்று மிஞ்சியிருக்கிறதே, அது போதும் என்று நினைத்தார்கள். துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, 1945-இல் இருந்த கோலத்துக்கு அதைக் கொண்டுவந்ததில் அவர்கள் கைகள் உண்டு. இதனால் ஒரு வசதி. இதே ரகக் கப்பலில் எஞ்சின் பார்த்தவரின் பேத்தி, தாத்தாவின் தொழில்நிலையை மட்டும் தெரிந்துகொண்டு ஆல்பனிக்கு வந்தால், அவர் நின்றது போன்ற இடத்தில் போய் நிற்கலாம்.

காகிதமும் இரும்பும் சொல்லாததை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். பல கப்பல்களுக்குப் பழைய மாலுமிகளின் சங்கம் உண்டு. வருஷத்துக்கொரு முறையோ இரண்டு வருஷத்துக்கொரு முறையோ ஏதாவது ஊரில் ஹோட்டல் பிடித்துக் கூடுவார்கள். இறந்தவர்களின் பெயரை வாசித்து மணியடிப்பார்கள், பிறகு விடிய விடியப் பேசுவார்கள். உலகப் போர்க் காலச் சங்கங்களில் பல, ஆளில்லாமல் மூடப்பட்டுவிட்டன. வேறு சிலவற்றைப் பிள்ளைகள் எடுத்து நடத்துகிறார்கள். இங்கே வருகிறவர்கள் கையோடு குரூஸ் புக் கொண்டுவருவார்கள். நீண்ட பயணம் ஒன்று முடிந்ததும் கப்பல்காரர்களே தங்களுக்காக அச்சிட்டுக்கொண்ட படப் புத்தகம் அது. அரசு ஆவணம் அல்ல என்பதால் எல்லாப் புத்தகமும் காப்பகத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. வாஷிங்டனில் உள்ள கடற்படை நூலகத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது, மற்றவை யார் வீட்டுப் பரணிலோ.

அப்படி ஒரு முதியவர் கிடைத்துவிட்டால் “போர் எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரிடமும் ஒரே பதில்தான் உண்டு, அது “பரவாயில்லை.” எந்த நேரத்துக் காவல் உங்களுக்கு, எங்கே படுத்தீர்கள், மேல் படுக்கையில் யார், காப்பி எப்படி இருக்கும், கேப்டனுக்கு என்ன பட்டப்பெயர் என்று கேளுங்கள். பேச்சு வந்துவிடும். வந்ததும் பெயர்களை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். போலந்து, இத்தாலி, நார்வே என்று பல நாட்டு வழியில் வந்த பெயர்கள். கப்பல் எழுத்தர் ஒவ்வொரு மூன்று மாதமும் ஒவ்வொரு விதமாகத் தட்டியிருப்பார். பட்டியலில் தேடும்போது நாலு விதமாக எழுதித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.