எண்ணெய் ஊறிய மரச்சன்னல்

தில்லியில் மே மாதத்தில் எளிதாகத் திறக்கும் மரச்சன்னல், ஆகஸ்டில் இறுகிக்கொள்வதைக் கண்டிருக்கிறீர்களா? 'லூ' என்னும் அனல்காற்றில் மரம் ஈரம் இழந்து சுருங்குகிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏற்று விரிகிறது. ஆதலால் புதுவீட்டுச் சன்னலுக்கு நன்கு உலர்ந்த மரமே ஏற்றது. தேக்கு மரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. கறையான் எளிதில் அரிக்காது. செட்டிநாட்டின் பழைய வீடுகளில் பர்மாத் தேக்கு இன்றும் உறுதியுடன் நிற்கிறது.

வார்னிஷ் மரத்தின்மேல் படலமாகப் படியும். நாளடைவில் வெயிலில் வெடித்து உரியும். இந்தியில் 'அல்சி' எனப்படும் ஆளி விதையின் எண்ணெயோ மரத்தின் நுண்துளைகளில் ஊறி, காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து இறுகும். தெளித்த நீர் முத்துமுத்தாக நிற்காமல் மரத்தினுள் இறங்கினால், மீண்டும் எண்ணெய் பூச வேண்டும் என்று அறியலாம். மழைக்கு முன்பே தூசியைத் துடைத்து, உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

அத்துணியைச் சுருட்டி எறிதல் கூடாது. எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகும். சுருளுக்குள் அவ்வெப்பம் தேங்கினால் துணி தானே தீப்பற்றக்கூடும். எனவே அதனை வெட்டவெளியில் விரித்து, முற்றும் உலர்ந்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.